கப்பலில் நடக்கும் நூலகர் மாநாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொகுசுக் கப்பலில் நடக்கும் நூலகர் மாநாட்டுக்குப் போக நினைப்பவர்கள், அங்கே கட்டுரை வாசிக்கப் போகிறவர்கள், அதற்காக அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டியவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. நிலத்தில் நடக்கும் மாநாட்டில் ஏதாவது விட்டுப்போனால் அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம். கப்பல் கரையை விட்ட பிறகு அதற்கு வழியில்லை. அதனால் இங்குள்ள பதில்களில் பெரும்பகுதி, புறப்படும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றியது.

இது உண்மையிலேயே மாநாடுதானா, சுற்றுலாவுக்கு வைத்த பெயரா?

நிகழ்ச்சி நிரலை வாங்கி மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் ஓடும் நாளைக் கடல் நாள் என்கிறார்கள். நல்ல மாநாட்டில் முக்கிய அமர்வுகள் எல்லாம் கடல் நாட்களில் காலையும் பிற்பகலும் இருக்கும். துறைமுக நாட்களில் மாலையில் ஒரு கலந்துரையாடலோடு நின்றுவிடும். ஏழு இரவுப் பயணத்தில் மூன்று கடல் நாட்கள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 15 மணி நேரம் தேறும். அது இரண்டு முழுநாள் மாநாட்டுக்குச் சமம். மொத்தமே ஐந்தாறு மணி நேரம் என்றால், அதற்காக அலுவலகப் பணத்தைக் கேட்காதீர்கள்.

நூலகத் தொழிலுக்கும் கப்பலுக்கும் பழைய உறவு உண்டு. 1877-இல் லண்டனில் நடந்த நூலகர் மாநாட்டுக்கு அமெரிக்க நூலகர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து கப்பலில்தான் வந்தார்கள். இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1925-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கத் தாம் உருவாக்கிக்கொண்டிருந்த கோலன் பகுப்பு முறையைக் கப்பல் நூலகத்தின் புத்தகங்களை அதன்படி அடுக்கியே சோதித்துப் பார்த்தார்.

நிலத்தில் நடக்கும் மாநாட்டில் கிடைக்காத எது இதில் கிடைக்கிறது?

ஆட்கள் கலைந்து போவதில்லை. நகரத்து மாநாட்டில் மாலை ஐந்து மணிக்கு அரங்கம் காலியாகிவிடும். பேச்சாளர் இரவு விமானத்துக்கு ஓடிவிடுவார். கப்பலில் காலையில் பட்டியலாக்கம் பற்றிப் பேசியவரை மறுநாள் சிற்றுண்டி மேசையில் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிறிய நூலகத்தில் தனியொருவராக எல்லா வேலையும் செய்பவர்களுக்கு இது பெரிய வரம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரிய கண்காட்சி, ஒரே நேரத்தில் இருபது அமர்வு, நூற்றுக்கணக்கான விற்பனையாளர்கள் ஆகியவற்றை எதிர்பார்த்தால் நிலத்து மாநாட்டுக்கே போங்கள்.

அலுவலகத்தில் எப்படி அனுமதி கேட்பது?

கப்பல் என்பதை மறைக்காதீர்கள். பிறகு ரசீதைப் பார்த்து ஒருவர் கண்டுபிடித்தால், நேர்மையான செலவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். விண்ணப்பத்தோடு நான்கு தாள்கள் இருக்கட்டும்: மணி வாரியான நிகழ்ச்சி நிரல், செலவுப் பட்டியல், அதே அளவு நாட்கள் நடக்கும் நிலத்து மாநாட்டின் செலவோடு (பதிவுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து) ஒப்பீடு, திரும்பி வந்து எந்தத் தேதிக்குள் என்ன அறிக்கை தருவீர்கள் என்ற உறுதி. கப்பல் கட்டணத்தில் தங்குமிடமும் உணவும் அடங்கிவிடுவதால் ஒப்பீடு பல நேரங்களில் உங்களுக்குச் சாதகமாகவே வரும். ஆனால் தினப்படி கேட்காதீர்கள். சாப்பாடு கட்டணத்துக்குள் இருக்கும்போது தினப்படியும் வாங்குவது தணிக்கையில் முதலில் மாட்டும் விஷயம்.

ரசீதை ஒரே தொகையாக வாங்கவே கூடாது. மாநாட்டுப் பதிவு, கேபின் கட்டணம், துறைமுக வரி, பணியாளர் டிப்ஸ், இணையக் கட்டணம் என்று தனித்தனி வரிகளாக வாங்குங்கள். எது அலுவலகச் செலவு, எது சொந்தச் செலவு என்று பிரிக்க இது ஒன்றே வழி.

சொந்தப் பணத்தில் போய் வரிச்சலுகை கேட்க நினைப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். சில சட்டங்கள் கப்பல் மாநாட்டைத் தனியாகவே கவனிக்கின்றன. அமெரிக்க வருமான வரி விதிப்படி கழிக்கக்கூடிய தொகை ஆண்டுக்கு 2,000 டாலர் வரைதான். கப்பல் அமெரிக்காவில் பதிவானதாகவும், தொடும் துறைமுகங்கள் எல்லாம் அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப் பகுதிகளிலோ உள்ளவையாகவும் இருக்க வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுவதால், இந்த ஒரு நிபந்தனையிலேயே பல பயணங்கள் அடிபட்டுப் போகும். நாளுக்கு எத்தனை மணி நேரம் அலுவல் நிகழ்ச்சிக்குப் போனது என்ற கையெழுத்திட்ட கணக்கையும் அந்த விதி கேட்கிறது. எந்த நாட்டவராக இருந்தாலும் அப்படியொரு கணக்கை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மொத்தச் செலவில் எதெல்லாம் மறந்துபோகும்?

விளம்பரத்தில் வரும் கட்டணம், ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பது. தனியாகத் தங்கினால் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் வரலாம். அதனால் ஏற்பாட்டாளர்களிடம் அறைத்துணை சேர்த்துவிடும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கப்பல் கேபின் விடுதி அறையைவிட மிகச் சிறியது. இரவில் விளக்கு எரியலாமா, குறட்டை உண்டா என்பதைக் கூச்சப்படாமல் முன்பே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

டிப்ஸ் பல கப்பல்களில் நாள் கணக்கில் தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். இணையம், பானங்கள், கரைச் சுற்றுலா, விசா, பயணக் காப்பீடு, முந்தின இரவு தங்கும் விடுதி எல்லாம் தனி.

முழுத் தொகையையும் புறப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே கட்டச் சொல்வது வழக்கம். அதன் பிறகு ரத்து செய்தால் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசி வாரங்களில் எதுவும் திரும்பி வராது. நூலகத்தின் நிதி ஒதுக்கீடு அதற்குள் கையெழுத்தாகுமா, செலவு எந்த நிதியாண்டில் விழும் என்பதைக் கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

வேறு தளத்தில் மலிவாகக் கேபின் கிடைக்கிறது. அங்கே வாங்கிக்கொள்ளலாமா?

ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்காமல் வாங்காதீர்கள். மாநாட்டுக் குழு கப்பல் நிறுவனத்திடம் கேபின்களை மொத்தமாக ஒதுக்கி வாங்குகிறது. அத்தனை கேபின் நிரம்பினால்தான் அரங்குகளும் ஒலிபெருக்கியும் இலவசமாகவோ சலுகையிலோ கிடைக்கும். குழுவுக்கு வெளியே வாங்கியவரைப் பல மாநாடுகள் அமர்வுக்குள் விடுவதில்லை, அல்லது கூடுதல் கட்டணம் கேட்கின்றன.

பாஸ்போர்ட், விசா விஷயத்தில் எங்கே தவறு நடக்கிறது?

பயணம் முடியும் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அடுத்தது, ஒரு நாட்டில் ஏறி, வேறு நாட்டைத் தொட்டு, மறுபடி அதே நாட்டில் இறங்கும் பயணம். அதற்கு ஒரே ஒரு முறை நுழையும் விசா போதாது; பலமுறை நுழையும் விசா வேண்டும். விசா மறுப்புகளைவிட இந்தக் கவனக்குறைவால் துறைமுக வாசலில் திருப்பி அனுப்பப்படுவது வேதனையானது, ஏனென்றால் பணமும் திரும்பாது. இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்பதும் எல்லா நாட்டிலும் எடுபடாது. தொடும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் உங்கள் குடியுரிமைக்கு என்ன தேவை என்று தனித்தனியாகப் பாருங்கள்.

பயணத்தின் நோக்கம் கேட்டால் மாநாடு என்றே சொல்லுங்கள். பார்வையாளராக உட்காருவது பொதுவாகச் சிக்கல் இல்லை. சம்பளமோ மதிப்பூதியமோ வாங்கிக்கொண்டு பேசுவது சில நாடுகளில் வேலையாகக் கருதப்படும். பேச்சாளர்கள் அழைப்புக் கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதி வாங்க வேண்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் முதல் பக்கத்தின் நகலைக் காகிதத்திலும் போனிலும் வைத்திருங்கள்.

கப்பல் ஏறும் நாள் எப்படிப் போகும்?

முந்தின நாளே துறைமுக நகரத்துக்கு வந்துவிடுங்கள். பயணிகள் பட்டியலை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே பதிவு மூடப்படும். தாமதமான விமானத்துக்காகக் கப்பல் நிற்காது.

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் சீட்டு கட்டிக் கொடுத்துவிடுவீர்கள். அது கேபினுக்கு வர மாலையோ இரவோ ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, மடிக்கணினி, உரைக்கோப்புகள், முதல் மாலை வரவேற்பு நிகழ்ச்சிக்கான உடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும்.

அன்றே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அதை முடிக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் விபத்துக்குள்ளான பிறகு இந்த விதி இறுக்கப்பட்டு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கேபின் அட்டையில் எழுதியிருக்கும் கூடுமிடத்துக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் அவசர நிலை என்று பொருள். மாநாட்டுப் பதிவு மேசையை அந்த நேரத்தில் திறந்து வைக்கும் ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். பயிற்சியை முடித்துவிட்டு மேசைக்கு வாருங்கள்.

எதைக் கொண்டுபோகக் கூடாது?

இஸ்திரிப் பெட்டி, நீராவி இஸ்திரி, கெட்டில், மெழுகுவர்த்தி ஆகியவை தீ அபாயத்தால் தடை. மின் எழுச்சித் தடுப்பு (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையும் ஏறும்போதே பறிமுதல் ஆகும். கப்பலின் மின்னமைப்பு கட்டடத்தின் அமைப்பைப் போல் தரையோடு இணைக்கப்பட்டதல்ல. அந்தப் பலகை அங்கே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பல வாய்கள் கொண்ட யு.எஸ்.பி. சார்ஜர் பொதுவாகச் செல்லும். கேபினில் பிளக் இரண்டோ மூன்றோதான் இருக்கும் என்பதால் அது அவசியமும்கூட.

கொண்டுபோக வேண்டிய ஒன்றைச் சொல்கிறோம்: காந்தக் கொக்கி. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்பு. அடையாள அட்டை, நிரல்தாள், பை எல்லாவற்றையும் சுவரில் மாட்டிவிட்டால் மேசை காலியாகும்.

கப்பலில் இணையம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அதை நம்பி எந்த அமர்வையும் அமைக்காதீர்கள். 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக வரும் இணைப்பில் ஒரு தகவல் போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் புதிய செயற்கைக்கோள்கள் இந்தத் தாமதத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. என்றாலும் ஆயிரக்கணக்கான பயணிகள் பங்குபோட்டுக்கொள்ளும் இணைப்பு அது, மாலையில் நெரியும்.

நூலகர்கள் குறிப்பாக மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில். ஒன்று, சந்தா தரவுத்தளங்கள். வளாகத்தின் ஐ.பி. முகவரியை வைத்துத் திறப்பவை கப்பலில் திறக்காது. தொலைவழி நுழைவுக் கணக்கைப் புறப்படும் முன் வீட்டு இணைப்பிலிருந்து ஒருமுறை சோதியுங்கள். இரண்டு, ஓ.டி.பி. நடுக்கடலில் உங்கள் சிம்முக்கு எஸ்.எம்.எஸ். வரும் என்று நம்ப முடியாது, வராவிட்டால் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் பூட்டிக்கொள்ளும். சரிபார்ப்புச் செயலிக்கு மாறுங்கள், மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். மூன்று, கப்பலின் இணைப்பு வேறொரு நாட்டிலிருந்து வருவதுபோல் தெரிவதால் சில தளங்கள் சந்தேகப்பட்டுத் தடுத்துவிடும்.

போனைக் கரை மறையும் முன் விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் இயக்குங்கள். கப்பலுக்கென்று தனிக் கைபேசிக் கோபுரம் உண்டு. அதன் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டங்களில் சேராது. இதைச் செய்ய மறந்தவர்களுக்கு வரும் பில் கேபின் கட்டணத்தோடு போட்டி போடும்.

கட்டுரை வாசிப்பவர்கள் எப்படித் தயாராவது?

எல்லாம் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். உரைக்கோப்பை மடிக்கணினியிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்த பி.டி.எஃப். பிரதி ஒன்றும் வேண்டும். எழுத்துரு பதியாத கோப்பைக் கப்பலின் கணினியில் திறந்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரும். மேகக்கணியில் இருக்கிறது, அங்கே இறக்கிக்கொள்கிறேன் என்று போகாதீர்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளும் உங்கள் கணினிக்கான இணைப்பானும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கோஹா (நூலக மேலாண்மை), டிஸ்பேஸ் (மின் ஆவணக் களஞ்சியம்) போன்ற மென்பொருளைச் செய்துகாட்டுவதானால் மடிக்கணினியிலேயே மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் மென்பொருள்) நிறுவி, மாதிரிப் பதிவுகள் சில நூறு ஏற்றி, வைஃபையை அணைத்துவிட்டு முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதுதான் எந்தப் பகுதி வெளி இணையத்தைக் கேட்கிறது என்று தெரியும். அட்டைப்படங்களும் வேறு நூலகங்களிலிருந்து பதிவிறக்கும் தேடலும் அங்கே நின்றுபோகும். அதே செயல்விளக்கத்தைத் திரைப்பதிவாக எடுத்த ஒரு வீடியோவும் இருந்தால் கவலையில்லை.

அரங்கத்தையும் கவனியுங்கள். பல கப்பல்களில் பெரிய அரங்கம் முகப்பில் இருக்கும். கப்பல் ஏறி இறங்குவது அங்கேதான் அதிகம் தெரியும். கால்களைச் சற்று அகட்டி நின்று, மேடை மேசையில் ஒரு கையை வைத்துப் பேசுங்கள். மடிக்கணினியை மேசை விளிம்பில் வைக்காதீர்கள். திரையில் எழுத்து பறந்து வருவது, சுழல்வது எல்லாம் வேண்டாம். ஆடும் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது குமட்டலைக் கூட்டும். மாலைக் கலைநிகழ்ச்சிக்கான ஒத்திகை அதே மேடையில் இருப்பதால், உங்கள் நேரம் முடிந்ததும் இறங்கியாக வேண்டும்; பத்து நிமிடம் நீட்டிக்கொள்ளும் சலுகை கிடையாது.

ஆய்வை விளக்கும் சுவரொட்டி வைப்பதாக இருந்தால் அதைத் துணியில் அச்சிட்டு மடித்துக் கொண்டுபோங்கள். கப்பலில் பெரிய அளவு அச்சு வசதி இருக்காது. சுவரில் டேப் ஒட்டவும் விடமாட்டார்கள். புத்தகமோ பொருளோ விற்பதாக இருந்தால் கப்பல் நிறுவனத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

கடல் ஒத்துக்கொள்ளாதே என்ற பயம் இருக்கிறது.

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். ஊஞ்சலின் நடுவைப் போல் அங்கே ஆட்டம் குறைவு. பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், மீன் துடுப்பு போன்ற பலகைகள் உண்டு என்றாலும் முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதை அவை நிறுத்துவதில்லை. குமட்டத் தொடங்கினால் படிப்பதையும் திரை பார்ப்பதையும் உடனே நிறுத்தி, தொடுவானம் தெரியும் இடத்துக்குப் போங்கள். மாநாட்டில் நாள் முழுவதும் படிப்பதும் திரை பார்ப்பதும்தான் வேலை என்பதால், சாதாரணப் பயணியைவிட உங்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

மாத்திரையைக் குமட்டல் வருமுன் போட வேண்டும். வந்த பிறகு அவ்வளவாகக் கேட்காது. பெரும்பாலானவை தூக்கம் வரவழைக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். ஆனால் வாய் உலரும், பார்வை மங்கலாம், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. பேசப்போகும் நாளில் முதல் முறையாக எதையும் முயலாதீர்கள். வீட்டிலேயே ஒரு நாள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுப் பாருங்கள்.

வேறு உடல்நலக் கவலைகள்?

கப்பலில் பரவும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் திரவம் போதாது. சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். கப்பல் மருத்துவமனையில் எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு. உங்கள் வழக்கமான காப்பீடு அதை ஏற்காமல் போகலாம், எனவே அவசரகால வெளியேற்றமும் அடங்கிய பயணக் காப்பீடு எடுங்கள். அன்றாட மருந்து, பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிப் பங்கேற்பாளர்களுக்கு வசதி உண்டா?

சக்கர நாற்காலி நுழையும் கேபின்கள் எந்தக் கப்பலிலும் சிலவே. அறிவிப்பு வந்த வாரமே பதிவு செய்யுங்கள். சாதாரணக் கேபின்களில் குளியலறை வாசலில் உயர்ந்த விளிம்பு இருக்கும். நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்குக் கொண்டுபோகும் துறைமுகங்களில் சக்கர நாற்காலியை ஏற்ற மறுக்கலாம். எந்தெந்தத் துறைமுகம் அப்படி என்று பயணத் திட்டத்திலேயே குறிப்பு இருக்கும். பேச்சை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் காட்டும் வசதி இணையத்தை நம்பியிருந்தால் கடலில் அறுந்துபோகும் என்பதால், பேச்சாளர்களின் உரைப்பிரதியை முன்கூட்டியே தரச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

துறைமுக நகரத்து நூலகங்களைப் பார்க்க முடியுமா?

இது இந்த மாநாடுகளின் மிக நல்ல பகுதி. சரியாகத் திட்டமிடாவிட்டால் முதலில் கெட்டுப்போகும் பகுதியும் இதுதான். கப்பல் வரும் கிழமையில் நூலகம் திறந்திருக்குமா, அன்று விடுமுறையா என்று அந்த நூலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம். திரும்ப வேண்டிய நேரம் கப்பல் நேரத்தில்தான் கணக்கு. வழக்கமாகப் புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே திரும்புவதுபோல் அமையுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்கள். சொந்த ஏற்பாட்டில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகம்வரை செலவு உங்களுடையது. அதனால் வெளியே போகும்போது பாஸ்போர்ட் அல்லது அதன் நகல், கொஞ்சம் பணம், கப்பல் முகவரின் தொலைபேசி எண் மூன்றும் பையில் வேண்டும்.

கடல் கொந்தளித்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தையே தவிர்த்துவிடலாம். ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறது. துறைமுக வரி திரும்பக் கிடைக்கலாம், கப்பல் கட்டணம் கிடைக்காது. நல்ல ஏற்பாட்டாளர் இப்படி ஒரு நாளுக்கென்று ஒரு பயிலரங்கைக் கையில் வைத்திருப்பார்.

குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். துணையாக வருபவர் கேபின் கட்டணம் கட்டினால் போதும், மாநாட்டுப் பதிவு தேவையில்லை. அவருடைய ரசீதைத் தனியாக வாங்குங்கள். கேபின் செலவில் அலுவலகம் தருவது உங்கள் பங்கை மட்டும்தான்.

கடைசி இரவும் இறங்கும் காலையும்?

பெரிய பெட்டியை நள்ளிரவுக்கு முன் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தும் துணியையும் செருப்பையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். ஆண்டுதோறும் இதில் ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள். வருகைச் சான்றிதழைக் கடைசி அமர்விலேயே வாங்குங்கள், அதில் நாள்வாரியாக மணி நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய பிறகு ஏற்பாட்டாளரைப் பிடிப்பது கடினம். கப்பல் கணக்கின் விரிவான பில்லையும் இரவே எடுத்து, தவறு இருந்தால் வரிசை நீளும் முன் வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். சுங்கம், குடியேற்றம் எல்லாம் முடிய முற்பகல் ஆகிவிடும் என்பதால் திரும்பும் விமானம் பிற்பகலில் இருக்கட்டும்.